ஒரு மணிக்கு ஒரு மூட்டை

அறுவடை இயந்திர வாடகையை நிர்ணயித்துவிட்டார்கள் என்று எங்கே செய்தி வந்தாலும் இந்தப் பத்திக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழைய வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஆட்டோ மீட்டர், தண்ணீர் லாரி, பந்தல்காரர் என்று மணிக்கணக்கைத் திட்டி அவர் எழுதித் தீர்த்த பக்கங்கள் கொஞ்சமா? இந்த வாரம் காஞ்சிபுரத்தை ஒட்டிய தாமல் ஏரிக்குக் கீழே நவரைப் பருவ நெல் அறுப்பைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் யாரும் அவரிடம் 'மணி என்ன' என்றுகூடக் கேட்பதில்லை.

டெல்டாவில் சம்பா அறுப்புக்கு முன்னால் ஆட்சியர்கள் உழவர்களையும் அறுவடை வண்டிக்காரர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து மணி வாடகையை முடிவு செய்வது வழக்கம். வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் சொந்த வண்டிகள் உண்டு. அண்மை ஆண்டுகளில் அதன் கட்டணம் டயர் வண்டிக்கு மணிக்கு 1,160 ரூபாய், பெல்ட் வண்டிக்கு 1,880. தனியார் வண்டி இதற்கும் மேலே. தட்டுப்பாடு வந்துவிட்டால் எவ்வளவு மேலே என்பது இடைத்தரகரின் வாயில் இருக்கிறது. எல்லாரும் ரூபாயைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அந்த 'ஒரு மணி' என்பது என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

தாமலில் பார்த்தது இதுதான். அடுத்தடுத்த இரண்டு நிலம், இரண்டும் சுமார் ஒரு ஏக்கர். முதல் நிலத்தில் தரை காய்ந்து பயிர் நிமிர்ந்து நின்றது. 55 நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்த நிலத்தில் மழை பெய்து பயிர் சாய்ந்து கிடந்தது, மடையோரம் முழங்கால் சேறு. வண்டி முக்கி முனகி இரண்டே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. வரப்பில் நின்ற பெரியவர் பொறுக்க மாட்டாமல் கத்தினார்: "ஏம்பா, மீட்டர் ஓடுது, வண்டி ஓடலையே!" ஓட்டுநர் சிரிக்கவில்லை. "சேத்துல பெல்ட்டு சும்மா சுத்துதுங்க ஐயா. நான் என்னங்க பண்றது?"

இருவர் சொன்னதும் உண்மை.

ரூபாயை விட்டுவிட்டு நெல்லில் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டால் விலை 2,545 ரூபாய். அதன்படி அரசு பெல்ட் வண்டியின் ஒரு மணி வாடகை ஏறத்தாழ 74 கிலோ நெல். அதாவது, சொல்லி வைத்தாற்போல, ஒரு மூட்டை. முதல் நிலத்துக்காரருக்கு 27 மூட்டை கண்டுமுதல் என்று வைத்துக்கொண்டால் அறுப்புக் கூலி 27இல் ஒன்று. அடுத்த நிலத்தில் சாய்ந்து முளைத்தது போக 20 மூட்டை தேறினால் அதிலிருந்து இரண்டே கால் மூட்டை போய்விடும். கிட்டத்தட்ட ஒன்பதில் ஒன்று. யாருக்கு விளைச்சல் குறைந்ததோ அவருக்குத்தான் கூலி கூடுகிறது. இதில் அரசு விலை கிடைக்க ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சேற்றில் அறுத்த நெல்லைச் சாலையோரம் பரப்பிக் காயவைப்பது தனிச் செலவு.

வண்டிக்காரர் கொள்ளை அடிக்கிறார் என்று சொல்லவும் வழியில்லை. ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் வண்டி அது. பெல்ட் வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டு வர முடியாது. டீசல், ஓட்டுநர் படி, ஏஜென்ட் பங்கு, தேய்ந்துபோகும் ரப்பர் பெல்ட், பல லட்சம் கடனுக்கு மாதத் தவணை. 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியபோது பேசி வைத்த வாடகையெல்லாம் ஒரே மாதத்தில் பழசானது. வண்டி சம்பாதிப்பது ஆண்டில் சில வாரங்கள். தவணை பன்னிரண்டு மாதமும். சேற்றில் ஏக்கர் கணக்குக்கு ஒப்புக்கொண்டால் அவர் வண்டியை விற்க வேண்டியதுதான்.

செய்தியை இதோடு விடலாம். ஆனால் பத்திக்காரரின் மேசையில் வெகுநாளாகக் கிடக்கும் புத்தகம் ஒன்று இருக்கிறது. இதற்கு முன் மூன்று முறை அதைப் பற்றி எழுதி, போதும் என்று ஆசிரியர் சொன்ன பிறகும் எழுதுகிறார். சென்னை கொள்கை ஆய்வு மையம் 2001இல் வெளியிட்ட, எம்.டி. சீனிவாஸ் முதலியோர் தொகுத்த, திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்க்கணக்குகள் அது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த செங்கற்பட்டுச் சீமையில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் அதற்காக ஓலையில் எழுதியவை தமிழில் இருக்கின்றன. அந்தக் கணக்குகள் மறுபடி பேசப்பட்டதற்குத் தரம்பால் என்ற ஆய்வாளரின் பிடிவாதம் காரணம்.

அதில் நெல் எப்படிப் பங்காகிறது என்று பார்க்கவேண்டும்! களத்தில் அளப்பதற்கு முன்னால் சில பங்கு, அளந்த பின் சில பங்கு. கொல்லனுக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, கணக்கனுக்கு, வெட்டியானுக்கு, கோயிலுக்கு. இந்தப் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'. மேரை என்றும் சொல்வார்கள். விடுதலை என்று நாம் இப்போது பொருள் கொள்ளும் சொல், அன்று களத்துமேட்டில் ஒருவருக்கு உரியதைக் குறித்தது. அந்தப் பட்டியலில் பத்திக்காரரை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கும் வரி ஒன்று உண்டு. ஏரிக்கும் பங்கு. கரை போடவும் தூர் வாரவும் விளைச்சலிலிருந்தே நெல் ஒதுங்கியது. விளைச்சல் குறைந்தால் எல்லார் பங்கும் குறையும், ஏரி உட்பட.

அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சேற்றில் நின்று அறுத்தவர்களுக்கு நிலம் கிடையாது; அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். அந்தக் களத்திலிருந்து ஓட வழி கிடைத்ததும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஓடினார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது, பின்னால் ஒரகடம் வந்தது. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறவர்களிடம் கதிர் அரிவாளைக் கொடுத்துப் பாருங்கள்! இயந்திரம் வந்ததில் தப்பே இல்லை. கூலி மட்டும் பங்கிலிருந்து மணிக்கு மாறியபோது, மழையின் பாரம் முழுக்க ஒரே தோளில் இறங்கிவிட்டது. பக்கத்தில் காஞ்சிபுரத்தில் இது தலைகீழ். நெசவாளிக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறித் தறி நின்றால் அந்த நாட்கள் அவருடைய நஷ்டம். அவருக்கு மட்டும் மீட்டர் கிடையாது.

தாமல் சின்ன ஊர் அல்ல. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊர். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஏரியைப் பார்த்துக் கடலோ என்று ஒரு நொடி திகைப்பார்கள். அந்த ஏரித் தண்ணீரில் விளைந்ததைத்தான் அன்று அறுத்தார்கள். சாயங்காலம் பெரியவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த துண்டுத்தாளில் மணி, ஏஜென்ட், சாக்கு, ஏற்றுக்கூலி, டிராக்டர் என்று ஐந்து வரி இருந்தது. ஏரிக்கு என்று ஆறாவது வரி இல்லை.

வண்டி லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பெல்ட்டில் ஒட்டிய சேற்றைக் கம்பியால் குத்தி எடுத்துக்கொண்டே, அடுத்த ஊர் ஏஜென்டிடம் போனில் பேசினார். எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லை. "அங்க தரை காஞ்சிருக்காண்ணே?" என்று கேட்டார்.