கறுப்பு மை

‘வார் பிரைட்’ என்றதும் உங்களுக்கு இங்கிலாந்துப் பெண்ணும் அமெரிக்க சிப்பாயும்தான் ஞாபகம் வரும். 1946 ஜனவரியில் ‘அர்ஜென்டினா’ என்ற கப்பலில் 452 மணப்பெண்கள் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் புருஷனைத் தேடிப் போனார்கள். எங்கள் ஆயாவும் வார் பிரைட்தான். என்ன, கப்பல் கிடையாது. வேலூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு நாலு மைல், மாட்டு வண்டி.

1943-ல் கல்யாணம். ஆயாவுக்கு 15 வயசு. தாத்தா பட்டாளத்தில் லாரி டிரைவர். (அந்த யுத்தத்தில் 25 லட்சம் இந்தியர்கள் தாமாகவே முன்வந்து சேர்ந்தார்கள் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். எங்கள் பக்கத்தில் மழை பொய்த்தால் பட்டாளம், அவ்வளவுதான்.) லீவு 11 நாள். விருந்து, மறுவீடு, குலதெய்வம் என்று உறவுக்காரர்கள் அதில் எட்டு நாளைத் தின்றுவிட்டார்கள். “உங்க தாத்தா மொகத்த நிமுந்து பாத்ததே ஒரு தடவதான். அதுவும் அவரு தூங்கறப்ப” என்பாள்.

பிறகு பர்மா எல்லை. மணியார்டர் வரும். எப்போதாவது கடுதாசி. அது மாமனார் பேருக்குத்தான் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பார். தகப்பனாருக்கு நமஸ்காரம், தாயாருக்கு நமஸ்காரம், செவலைப் பசு கன்று போட்டதா... கதவுக்குப் பின்னால் ஆயா காத்திருப்பாள். பசுமாடு வரைக்கும் வந்துவிடும், அவள் பேர் வராது.

1944-ல் வந்த ஒரு கடுதாசியில் மட்டும், பசுவுக்கு அப்புறம் முழுசாக ஒன்றரை வரி கறுப்பு மையால் அடித்திருந்தது. மிலிட்டரி சென்சார். ஆயாவுக்குப் புரிந்துவிட்டது. “நமக்குனு எழுதினத வெள்ளக்காரன் படிச்சுட்டு, தாங்காம அடிச்சுட்டான். வெக்கங்கெட்டவன்.”

1946-ல் தாத்தா திரும்பி வந்தார். பேச்சுக் குறைவு, கோபம் அதிகம். சாப்பாட்டுத் தட்டு முற்றம் வரைக்கும் பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் ஆயா தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கடுதாசியைத் தடவிப் பார்ப்பாள். எழுத்து தெரியாது, கறுப்பு தெரியுமே. “ஒரு காலத்துல எப்படி எழுதின மனுசன்!” என்றபடி எழுந்துபோய் மறுபடி சோறு போடுவாள்.

1994-ல் எனக்கு வேலை கிடைத்து ஊருக்குப் போனபோது, டீக்கடையில் தாத்தாவிடம் கேட்டேவிட்டேன்.

“அதுவா? இம்பால்ல இருக்கோம், மழ, அட்டப்பூச்சி புடுங்குதுனு எழுதியிருப்பேன். ஊர் பேரு எழுதக் கூடாது. அடிச்சுட்டான்.”

“ஆயாவுக்குத் தெரியுமா?”

டீயைக் கீழே வைத்தார். “தெரியாது. நீ சொல்லித் தொலச்சிடாத.”

நாலு வருஷத்தில் தாத்தா போய்விட்டார். நான் சொல்லவில்லை.

ஆயா 2019-ல், 91 வயசில் போனாள். காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தோம். மடிப்பில் கிழிந்து, நாலு துண்டாக அந்தக் கடுதாசி. கம்ப்யூட்டர் படித்த அக்கா பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“மாமா, இத ஸ்கேன் பண்ணா கீழ இருக்கற எழுத்தெல்லாம் எடுத்துடலாம். அரை மணி நேர வேலை. பண்ணட்டுமா?”

துண்டுகளை அவன் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

“ஏன் மாமா?”

“சென்சார்” என்றேன்.