திடலில் நிற்கும் தண்ணீர்

நமக்குத்தான் கோடை, குளிர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. வெயில் அல்லது மழை, அவ்வளவுதான். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் சுவா பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய பந்துத் திடலுக்குப் போனால், சைபீரியாவில் கோடை முடிந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

அந்தத் திடலில் பந்து உதைக்க ஆளில்லாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. கால்வாய் அடைத்துக்கொண்டதால், இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் புல்லெல்லாம் கணுக்கால் தண்ணீர். அம்மாவைப் பார்க்கப் போகும் சனிக்கிழமைகளில் அங்கே காரை நிறுத்துகிறேன். போன வாரம் 17 பொறி உள்ளான்கள் இருந்தன. கொக்குகளும் இருந்தன, கொக்கை யார் எண்ணுவது?

வானொலிக்காரிக்குக் கண்ணைவிடக் காதுதான் முந்தும். ‘சிஃப்-இஃப்-இஃப்’ என்று கீச்சிட்டபடி எழும்பும், அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். பழுப்பு முதுகில் வெள்ளைப் பொறிகள், மஞ்சள் கலந்த நீளக் கால்கள். எடை 60, 70 கிராம்தான். வடக்கே ஈரக் காடுகளில் முட்டையிடும் இவற்றில் தாய்ப்பறவை முதலில் கிளம்பிவிடும். தகப்பன் குஞ்சுகளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு அதுவும் புறப்பட்டுவிடும். வழி காட்ட யாருமில்லாமல், முன்பின் பார்க்காத நாட்டுக்குக் குஞ்சுகள் தாமாகவே வந்து சேர்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பெரியப்பாவிடம் சொன்னேன். “உள்ளான்தானம்மா? கித்தா மரம் இருந்த காலத்திலேயே வரும். கண்ணி வெச்சுப் பிடிப்போம்” என்றார் சர்வ சாதாரணமாக. சைபீரியா எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கு ஒரு கூட்டமே போகிறது. சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வடக்கே திரும்பும் வல்லூறு, பருந்து இனங்களைப் பார்க்க மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே விழா எடுக்கிறது. நல்ல விஷயம். ஆனால் உள்ளானுக்கு மலையும் வேண்டாம், விழாவும் வேண்டாம், சில அங்குலத் தண்ணீர் போதும். முழங்கால் ஆழமானால் அதால் நிற்க முடியாது. காய்ந்து இறுகினால் அலகால் குத்திப் புழுவை எடுக்க முடியாது.

இப்போது கோல் கம்பத்துப் பக்கம் நாலு லோரி செம்மண் கொட்டியிருக்கிறார்கள். தண்ணீர் நின்றால் டிங்கி வரும், தூர்த்துவிட வேண்டும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். பயம் நியாயமானதுதான், டிங்கியில் சாவு பார்த்த ஊர் இது. ஆனால் ஏடிஸ் கொசு தேடுவது பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத தொட்டி, பிளாஸ்டிக் டப்பா. வெயிலடிக்கும் சேற்று வெளியில், புழுப்பூச்சிகளைத் தின்னும் பறவைகள் நடுவே அது குடித்தனம் நடத்துவது அபூர்வம். திடலைத் தூர்த்துவிட்டு வீட்டுப் பின்பக்கத்து டயரை அப்படியே விட்டால் யாருக்கு லாபம்?

உங்கள் தாமான் ஓரத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கும். காலை ஏழரைக்கெல்லாம் போய்விடுங்கள். காரைவிட்டு இறங்காதீர்கள், கண்ணாடியை மட்டும் இறக்குங்கள். வானொலியையும் அணைத்துவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.