திருவலைச் சத்தத்துக்கு ஓடிவரும் நாய்

மடவளை பஸாரிலிருந்து வத்தேகமப் பக்கம் ஏறும் பாதையில் ஒரு வீடு. காலை ஆறரை மணிக்குப் பின்கட்டில் திருவலையில் தேங்காய்ப் பாதியை வைத்துத் திருவத் தொடங்குகிறார்கள். அந்தக் கரகரப்பு ஐந்தாறு தடவை கேட்பதற்குள், மூன்று வளவுக்கு அப்பால் மிளகுக்கொடி அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த டைகர் வேலி தாண்டி வந்து குசினி வாசலில் நிற்கிறது. இதை அதற்கு யாரும் பழக்கவில்லை. அதே நாயை அன்று பின்னேரம் நான்கு மணிக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். “டைகர், வா! இங்க வா! டைகர்!” தலையைத் தூக்கிப் பார்த்தது. காதைப் பின்னால் மடித்தது. திரும்பவும் மண்ணைக் கிளறப் போய்விட்டது. “இதுக்குக் காது கேக்காது டொக்டர்” என்றார் அவர்.

காது நன்றாகவே கேட்கிறது. கடந்த ஏழு நாளில் இதை எத்தனை தடவை கூப்பிட்டீர்கள், வந்தபோதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார். ஒருநாள் குளிப்பாட்ட. ஒருநாள் உண்ணி மருந்து பூச. இரண்டு தடவை விருந்தாளிகள் வருவதால் கூட்டில் அடைக்க. தினமும் இரவு சங்கிலியில் கட்ட. ஒருமுறை செருப்பைக் கடித்ததற்கு அடிக்க. கடைசியாக, என்னிடம் கொண்டுவர வண்டியில் ஏற்ற. “வா” என்ற சொல் அந்த நாய்க்குக் கொடுத்த கணக்கு இவ்வளவுதான். திருவலை ஒருநாளும் அதை ஏமாற்றியதில்லை. சத்தம் கேட்ட ஒவ்வொரு காலையிலும் ஒரு துண்டுத் தேங்காய் கீழே விழுந்திருக்கிறது.

இந்த இதழை வாசிக்கும் மிருக வைத்தியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் இதன் பின்னாலுள்ள கற்றல் கோட்பாடு புதிதல்ல. பாவ்லோவைப் படிக்காமல் நாம் யாரும் பட்டம் வாங்கவில்லை. ஆனாலும் நம்மில் பலர் உட்காரப் பழக்கி, கை கொடுக்கப் பழக்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிட்டால் வருவதைக் கையில் எடுக்கிறோம். அது முதலில் வரவேண்டிய பாடம் என்பதே என் கருத்து. முதல் தடுப்பூசிக்குக் கொண்டுவரப்படும் ஆறு, எட்டு வாரக் குட்டி எவர் நடந்தாலும் பின்னால் ஓடிவரும். அந்த வயதில் மூன்று நிமிடம் ஒதுக்கி வீட்டாருக்குச் செய்து காட்டினால் போதும். அதே காரியம் ஒரு வயதில் மூன்று மாதம் எடுக்கும். ஊசியைப் போட்டு, அட்டையில் திகதியைக் குறித்து அனுப்பிவிடுகிறோம். அந்த மூன்று நிமிடம் எங்கே போகிறது?

என்னுடைய ஒரு தவறையும் இங்கே எழுத வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் நாயை ஆறு வாரம் பழக்கினேன். எல்லாப் பாடமும் அந்த வீட்டு முற்றத்தில்தான் நடந்தன. கூப்பிட்ட பத்துக்குப் பத்துத் தடவையும் வந்தது. “பழகிவிட்டது” என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பத்தாம் நாள் காஸ் சிலிண்டர் இறக்குவதற்காக கேட்டைத் திறந்தார்கள். நாய் வெளியே பாய்ந்து வீதியின் மறுபக்கம் போய்விட்டது. வீட்டுப் பெண்பிள்ளை பதறிப்போய் நான் கற்றுக்கொடுத்தபடியே கூப்பிட்டாள். நாய் திரும்பியது, சொன்னபடியே நேராக ஓடிவந்தது. கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து வந்த வேன் அதன் பின்காலில் ஏறியது. உயிர் தப்பியது, காலும் பொருந்தியது. ஆனால் கூப்பிடுகிறவரும் நாயும் வீதியின் இரு பக்கம் நிற்கும்போது “வா” என்பதே மரணத்துக்கு அழைப்பாகலாம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நின்ற இடத்திலேயே நிற்கும் “இரு” என்ற சொல்லை நான் அதற்குத் தூரத்திலிருந்து பழக்கவில்லை. வீதியோரம் ஒருநாளும் கூட்டிப்போகவில்லை. முற்றத்தில் கண்டதை வைத்துச் சான்று கொடுத்தேன்.

எது நம்பகம் என்ற கேள்வியை நம் ஊர் வெகுகாலத்துக்கு முன்பே கேட்டிருக்கிறது. மடவளையில் பெரும்பாலானோர் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹப். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ அந்த மத்ஹபின் ஆதார நூல்களில் ஒன்று. வேட்டை நாயை எப்போது ‘பயிற்றப்பட்டது’ என்று ஏற்கலாம் என்ற சட்டத்தை ஒரு மௌலவி நண்பர் எனக்கு விளக்கினார். ஏவினால் போக வேண்டும். அதட்டினால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தின்னாமல் வைத்திருக்க வேண்டும். இவை மூன்றும் திரும்பத் திரும்ப நடந்து, இது பழகிய பிராணிதான் என்ற நம்பிக்கை வரவேண்டும். எத்தனை தடவை என்பதற்கு எண் வரையறுக்கப்படவில்லை. இந்தப் பிராணிகளை அறிந்த அனுபவசாலிகளின் தீர்ப்புக்கு அது விடப்பட்டிருக்கிறது. ஓட்டம் வேகமெடுத்த பிறகும் அதட்டலுக்கு அடங்குகிறதா என்பது வரை உரையாசிரியர்கள் பேசியிருக்கிறார்கள் என்றார் அவர். எனக்கு உடல் சிலிர்த்தது. நான் தவறவிட்ட இரண்டும் அங்கே இருந்தன: நிறுத்தம், மீளமீளச் சோதித்தல். அந்த அனுபவசாலிகள் என்று இன்று சொல்லப்படுகிறவர்கள் நாம்தான்.

இதே ஊரில் இந்தப் பாடத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒருதடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வுழூச் செய்து, வெள்ளை உடுத்து, ஜும்ஆவுக்கு நடந்து போகும் ஒருவரிடம் உங்கள் பராமரிப்பிலுள்ள நாய் சந்தோஷமாக ஓடிப்போய்க் கையை நக்குகிறது. கேட்டடியில் நின்று வீட்டுக்காரர் “ஒண்டும் செய்யாது, பயப்பிடாதீங்க!” என்று கத்துகிறார். அந்த மனிதர் பயப்படவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பிப்போய்க் கழுவி, உடுப்பு மாற்றி வருவதற்குள் குத்பா முடிந்திருக்கும். நாய் கடிக்காது என்பது இங்கே பதிலே அல்ல. பக்கத்துப் பன்சலைக்குப் போயா தினத்தில் பூத்தட்டோடு போகிறவர்களுக்கும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்கும், தபால்காரருக்கும் இது பொருந்தும். 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசித் திட்டங்களால் இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளுக்குள் இறங்கிவிட்டது. அந்தக் காலத்தைக் கண்ட மூத்தவர்களின் அச்சம் அவ்வளவு இறங்கவில்லை, அதைக் குறைசொல்லவும் முடியாது. நாயைத் திரும்ப அழைக்க முடிவது அயலவருக்கு நாம் கொடுக்க வேண்டிய உரிமை என்றே நான் பார்க்கிறேன்.

வழிமுறைக்கு வருகிறேன். முதலில் ஒலி. கண்டிப் பகுதி வீடுகளில் நாய்க்கு மூன்று மொழி. உம்மம்மா “வா” என்பார், வேலைக்கு வருபவர் “வரென்” என்பார், பேரன் “கம்” என்பான். போதாக்குறைக்கு “வா” என்ற சொல் அந்த வீட்டில் சாப்பிட வா, படிக்க வா, உள்ளே வா என்று நாள் முழுதும் மனிதர்களை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. தனக்கு எது, மற்றவர்க்கு எது என்று நாய் எப்படிப் பிரிக்கும்? ஆகவே பழுதாகிப்போன சொல்லைத் திருத்தப் பார்க்காதீர்கள், கைவிடுங்கள். வீட்டில் வேறெதற்கும் பயன்படாத ஒரு புதுச் சொல், அல்லது சாதாரண பிளாஸ்டிக் விசில். நான் விசிலையே விரும்புகிறேன். கோபத்தில் ஊதினாலும் அதன் சுருதி மாறாது, யார் ஊதினாலும் ஒன்றுதான்.

முதல் வாரம் எதற்கும் அழைக்கவே வேண்டாம். நாய் பக்கத்தில் நிற்கும்போதே விசில், உடனே ஒரு நெத்தலி. உப்புப் போக ஊறவைத்து அவித்த நெத்தலி, அல்லது சுண்டுவிரல் நகமளவு அவித்த ஈரல். நாளுக்கு இருபது தடவை. பிறகு அறைக்கு அறை, பிறகு முற்றம், பிறகு பத்து மீற்றர் நைலோன் கயிறு கட்டி வெளியிடம். கயிறு இழுப்பதற்கல்ல. விசிலைக் காதில் வாங்காமல் போய் வேறு சுகம் காணும் வாய்ப்பை அடைக்கத்தான் அது. ஒருதடவைதான் ஊத வேண்டும். வராது என்று தெரிந்த நேரத்தில் ஊதவே கூடாது, எழுந்து நடந்துபோய்க் கூட்டிவர வேண்டும்.

கழுத்துப்பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் வருகிறது, ஆனால் இரண்டு கை தூரத்தில் நின்று போக்குக் காட்டுகிறது என்ற முறைப்பாட்டை மாதம் நாலு தடவையாவது கேட்கிறேன். அப்படிப்பட்ட நாயைக் கூர்ந்து பாருங்கள். மனிதரின் முகத்தை அது பார்ப்பதில்லை, வலது கையைப் பார்க்கிறது. அந்தக் கை எழும்பியதும் முன்னங்கால் பின்வாங்கும். வந்ததும் பட்டியைப் பிடித்து இழுத்துப் போன கை அது. இடது கையில் நெத்தலியை மூக்கடியில் வைத்து, நாய் தின்னும்போதே வலது கையால் பட்டியை மெல்லத் தொட்டுவிட்டு எடுங்கள். நூறு தடவை தொடுங்கள், தொண்ணூறு தடவை உடனே விட்டுவிடுங்கள். “போ” என்று திரும்ப விளையாட அனுப்புங்கள். அப்படி அனுப்புவதே பெரிய கூலி. நாய் அதிகம் விரும்பும் செயலை, குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்று டேவிட் பிரிமாக் சொன்னதை நாம் நெத்தலி அளவுக்குப் பயன்படுத்துவதில்லை.

பிறகுதான் கவனச்சிதறல்கள். 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்திய பிறகு நம் வீட்டு நாய்களுக்கு மிகப் பெரிய இழுப்பு கேட்டடியில் நிற்கும் தெருநாய்க் கூட்டம்தான். அதற்குப் பிறகு கீரி, குரங்கு, தும்பறைக் காட்டோரங்களில் காட்டுப்பன்றி. பன்றிக்கு வைத்த கண்ணியில் வயிறு அறுபட்ட நாய்களை நம்மில் பலர் தைத்திருக்கிறோம். நக்கிள்ஸ் அடிவாரத் தோட்டங்களில் இருட்டியபின் வெளியே சுற்றும் நாயைச் சிறுத்தை தூக்குவதும் உண்டு. இவற்றை ஒரே நாளில் எதிர்கொள்ள வைக்காமல், தூரத்திலிருந்து படிப்படியாகக் கிட்டவேண்டும்.

ஏழெட்டு மாதத்தில் எல்லாம் மறந்தது போல் இருக்கும். பிரித்தானியாவில் லூசி ஆஷர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாத நாய்கள் வளர்த்தவர் சொல்லும்போது ‘உட்கார்’ என்ற கட்டளையை ஐந்து மாதத்தில் இருந்ததைவிடக் குறைவாகக் கேட்டன, அந்நியர் சொன்னால் அப்படி இல்லை. வளரிளம் பருவம், கடந்துபோகும். இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நம் கடமை. சந்தையடியில் இறக்கிவிடப்படும் நாய்களில் எத்தனை அந்த வயதினவை என்று பாருங்கள்.

மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டிகள் இப்போது இணையத்தில் ஓர்டர் பண்ணினால் வீட்டுக்கே வருகின்றன. இவ்விதழ் அவற்றுக்கு எதிரானது. வேல்ஸ் நாடு 2010இலேயே தடைசெய்துவிட்டது. அதிர்ச்சி விழும் கணத்தில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதன்மேல் அந்த வலி ஒட்டிக்கொள்ளும். சைக்கிளில் வந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த தடவை அந்தப் பிள்ளைதான் அதற்கு எதிரி.

கண்டிக்காரர்களாகிய நமக்குக் கிடைத்த வசதி வேறு மாவட்டத்தாருக்கு இல்லை. 1948இல் தொடங்கிய பொலிஸ் நாய்கள் பிரிவின் தலைமையகம் அஸ்கிரியவில் இருக்கிறது. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. ஒரு பக்கம் கை அனுபவம், மறு பக்கம் நூலறிவு, இரண்டுக்கும் நடுவே ஓட்டோவில் கால்மணி நேரம். பொலிஸ் நாய்க்குக் கையாளுபவர் ஒருவர், வீட்டு நாய்க்கு ஐந்து பேர். அந்த ஐந்து பேரையும் ஒருவர்போல் நடக்கவைப்பது எப்படி என்று ஓய்வுபெற்ற கையாளுநர்களும் பீடத்து மாணவர்களும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அப்படியொரு கூட்டத்துக்கு யார் முன்வந்தாலும் இவ்விதழின் பக்கங்களைத் திறந்துவிடுகிறோம்.

இந்த இதழோடு ஒரு தாள் இணைத்திருக்கிறோம். “பழகிவிட்டது” என்று சொல்லுமுன் நிரப்ப வேண்டியது. மூன்று வெவ்வேறு இடம், அதிலொன்று வீதியோரம், நீள்கயிற்றோடு. ஒவ்வோர் இடத்திலும் பத்துத் தடவை, வெவ்வேறு நாட்களில். அழைப்பவர் குறைந்தது இருவர், ஒருவர் வீட்டின் மூத்தவர், ஒருவர் பிள்ளை. ஐந்து அழைப்பு ‘வா’ என்பதற்கு, ஐந்து ‘இரு’ என்பதற்கு. ஒரு மாதம் கழித்து எல்லாம் மறுபடியும். கடைசி வரியில் ஒரு கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். அங்கே வைக்க வேண்டியது அடுத்த வீட்டுக்காரரின் கையொப்பம்.