வீட்டு ஆல்பம் வரலாற்றுச் சாட்சி ஆனது எப்படி? தென்னாப்பிரிக்காவின் ‘பிளாக் போட்டோ ஆல்பம்’

கோட், சூட், டை போட்ட கணவர். பக்கத்தில் நீண்ட கவுன் அணிந்த மனைவி. சுமார் 100 வருடங்களுக்கு முன் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம். இதில் என்ன ஸ்பெஷல்? இருவரும் தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர்கள்.

யார் சேகரித்தது?

சோவெட்டோ புகைப்படக் கலைஞர் சாண்டு மொஃபோகெங் (1956–2020). 1890 முதல் 1950 வரை கறுப்பினக் குடும்பங்கள் தாங்களே காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படங்களைத் தேடிச் சேகரித்தார். சில சுவரில் தொங்கின. சில பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தன. அவற்றைச் சரிசெய்து 1997-ல் ஸ்லைடு காட்சியாக்கினார்.

இதில் என்ன அரசியல்?

அதே காலத்தில் வெள்ளையர்கள் எடுத்த படங்களைப் பாருங்க. ஆல்ஃப்ரெட் டக்கன்-க்ரோனின் 1928 முதல் 1954 வரை வெளியிட்ட தொகுதிகளில், கறுப்பினத்தவர்கள் பெரும்பாலும் இனக்குழுவின் ‘மாதிரி’யாகத்தான் நிற்கிறார்கள். படித்தவர், நகரத்துக்காரர் என்ற அடையாளமே இல்லை.

நிலத்தைப் பிடித்தவர்களுக்கு இந்தப் பார்வை வசதியாக இருந்தது. ‘இவர்கள் கிராமத்து இனக்குழு மக்கள், நகரம் இவர்களுக்கு எதற்கு?’ என்று சொல்லிவிடலாம் இல்லையா? 1913 நிலச் சட்டம், பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது நாட்டின் சுமார் 7% நிலத்தைத்தான். 1936-ல் அது சுமார் 13% ஆக உயர்ந்தது, அவ்வளவுதான்.

1952 சட்டத்துக்குப் பிறகு, 16 வயதைத் தாண்டிய கறுப்பினத்தவர்கள் போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகத்தோடுதான் நடமாட வேண்டும். ஆண்களில் தொடங்கி, பின்னர் பெண்களுக்கும் இது வந்தது. அந்த போட்டோ அரசு கேட்டு எடுத்தது. ஸ்டுடியோ படத்திலோ எந்த உடை, எப்படி நிற்பது என்பதில் அவர்களுக்கும் பங்கு இருந்தது.

அப்போ, வெள்ளையரைக் காப்பியடித்தார்களா?

மொஃபோகெங்கே இந்தக் கேள்வியை ஸ்லைடுகளுக்கு நடுவே எழுத்தில் வைக்கிறார். பதில் சிம்பிள் இல்லை. கேப் காலனியில் வாக்குரிமைக்குச் சொத்தும் வருமானமும்தான் தகுதி, நிறம் அல்ல. மிஷன் பள்ளியில் படித்த பலர், ‘நாகரிகமாக’ வாழ்ந்தால் சம உரிமை கிடைக்கும் என்று நம்பினார்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு கோரிக்கையும் இருந்தது. 1936-ல் கேப் பகுதிக் கறுப்பினத்தவர்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள்.

மிஞ்சியது என்ன?

தெரிந்தவர்களின் பெயரையும் ஊரையும் மொஃபோகெங் படத்தோடு சேர்த்தார். ஆனால், பல படங்களில் இருப்பது யார், எடுத்தது யார் என்று சொல்ல ஆளில்லை. நிலத்தையும் வாக்கையும் இழந்த குடும்பங்களில், பல முன்னோர்களின் பெயரும் இப்படித் தொலைந்திருக்கிறது.