கையில் பூசும் கறை உடலை அளக்குமா?

உடலில் அயோடின் போதிய அளவு உள்ளதா என்றறிய எளிய வழியொன்று உண்டெனச் சிலர் பரப்பி வருகின்றனர். அயோடின் கரைசலைக் கையில் பூச வேண்டுமாம். கறை விரைந்து மறைந்தால் உடல் அதற்கு ஏங்குகின்றதாம். நாள் முழுதும் நின்றால் குறையில்லையாம்!

இஃது அறிவுக்கு ஒவ்வாத கூற்று. பூசிய அயோடினில் பெரும்பங்கு காற்றில் ஆவியாகிவிடுகின்றது. வெப்பமும் வியர்வையும் கறையின் வாழ்நாளை மாற்றுகின்றன. தாம்பரத்து முதுவேனிலில் விரைந்து மறையும் கறை, முன்பனிக் காலத்தில் நெடுநேரம் நிற்கக்கூடும். அதனால் அறியப்படுவது வானிலையேயன்றி உடல்நிலை அன்று.

உண்ட அயோடினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்குமேல் சிறுநீர்வழி வெளியேறுகின்றது. ஆகலின் சிறுநீரை ஆய்வதே தக்க முறை. ஆயினும், ஒருவரது சிறுநீரின் அளவு நாளுக்கு நாள் மாறும். ஒருமுறை ஆய்ந்து அவர்க்குத் தீர்ப்புரைத்தல் ஆகாது. பலரிடம் ஆய்ந்து நடுவளவு காண்பதே உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்ற நெறி. பள்ளிச் சிறாரிடத்து அந்நடுவளவு லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் வரை இருப்பின், அம்மக்களுக்குக் குறையில்லை என்க. தனியொருவர் தம் கழுத்தில் வீக்கமோ தளர்ச்சியோ கண்டால், மருத்துவரிடம் சென்று தைராய்டுச் சுரப்பிக்குரிய குருதியாய்வு செய்துகொள்ளலே முறை. தாமே அயோடின் துளிகளை வாங்கி விழுங்குதல் தீது. மிகையும் அச்சுரப்பியைக் கெடுக்கும்.

வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராமும் வேண்டும். மிகச் சிறிய அளவே! ஆயினும் அது பெரிதும் குறைந்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பின்னர் எம்மருந்தாலும் அதனை முற்றும் மீட்டல் அரிது.

எனவே, முதற்கண் ஆயத்தக்கது அடுக்களை உப்பே. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கேளம்பாக்கத்திலும் கோவளத்திலும் உப்பளங்கள் பரந்திருந்தன. உப்பு விளைச்சலில் குசராத்திற்கு அடுத்த இடம் தமிழ்நாட்டிற்கு. எனினும் 2018-19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கலந்த உப்பை உண்ணும் வீடுகள் இந்தியாவில் நூற்றுக்கு 76.3, தமிழ்நாட்டிலோ 61.9 மட்டுமே. மாநிலங்கள் அனைத்திலும் கடைசி இடம்! கடலுப்பாயிற்றே, அதில் அயோடின் தானே இருக்குமென்று கருதுவோர் பலர். காய்ந்து விளைந்த உப்பில் அது போதிய அளவு நிற்பதில்லை, கலந்தாக வேண்டும். விற்குமிடத்தில் கிலோவிற்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாது இருத்தல் வேண்டுமென்பது சட்டம். அயோடின் கலவாத உப்பை உணவுக்கென விற்பது 2006 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

ஆனால் உப்புப் பையின்மேல் எழுத்து எம்மொழியில் உள்ளது? ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். தமிழ் விருப்பத்திற்குரியது என்பது நடுவண் அரசின் விதி. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய், தான் வாங்குவது எவ்வுப்பென்று எங்ஙனம் அறிவாள்? பையின் முகப்பிலேயே ‘அயோடின் கலந்த உப்பு’ எனத் தமிழில் பொறிப்பதைக் கட்டாயமாக்குக! தாய் தன் மொழியில் படித்து வாங்கும் உப்பே அவள் பிள்ளையின் அறிவைக் காக்கும்.