இரங்கல் கூட்டம் வரை காத்திருக்க வேண்டுமா?



நம் குடியிருப்புகளில் ஒரு தாய் இறந்துவிட்டால் படத்திறப்பு வைக்கிறோம். ஷாமியானா போடுகிறோம், வாடகைக்கு மைக் பிடிக்கிறோம், கணவரைப் பேசச் சொல்கிறோம். "எனக்காக எவ்வளவோ பாடுபட்டாள், அவளுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. இப்படிப் பல கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குள் எழுகிற கேள்வி ஒன்றுதான்: ஐயா, இதை அந்த அம்மையார் உயிரோடு இருந்தபோது அவரிடம் சொன்னீர்களா?

குடும்ப விஷயத்தை அரசியல் ஏட்டில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் சாதாரண மனிதரல்ல, தந்தை பெரியார்.

பெரியாருக்கும் நாகம்மையாருக்கும் 1898இல் திருமணம். அவருக்கு வயது 19, அம்மையாருக்கு 13. தொடக்க காலத்தில் பெரியார் செய்த குறும்புகளை இன்று படித்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. மனைவி கோயிலுக்குப் போவதை நிறுத்துவதற்காக, ஊருக்குப் புதிதாக வந்த தாசி என்று தம் கூட்டாளிகளிடம் அவரைக் காட்டிப் பயமுறுத்தச் செய்தாராம்! கொள்கை எதுவானாலும் இதற்குப் பெயர் அடாவடி அல்லாமல் வேறென்ன?

ஆனால் அந்த அம்மையார் பயந்து மூலையில் முடங்கிவிடவில்லை. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாத்தனார் கண்ணம்மாளோடு தெருவில் நின்றார். 1924இல் கணவர் வைக்கம் போராட்டத்தில் சிறைப்பட்டபோது, அங்கே சென்று பெண்களைத் திரட்டிப் போராடினார். 1931 கடைசியில் பெரியார் ஐரோப்பா போய் ஏறக்குறைய ஓராண்டு ஊர் திரும்பாமல் இருந்தபோது 'குடி அரசு' ஏட்டின் பொறுப்பைச் சுமந்தார். ஈரோட்டு வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு அவர் கையால் சோறு போட்டதற்குக் கணக்கே கிடையாது.

1933 மே 11இல் அம்மையார் மறைந்தார். அதையடுத்து 'குடி அரசு' ஏட்டில் பெரியார் எழுதியதை நம் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவரும் தேடிப் படிக்க வேண்டும். பெண் விடுதலை பற்றி ஊருக்கு உபதேசித்ததில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தம் மனைவியிடம் நடந்து காட்டியதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்று அச்சில் ஒப்புக்கொண்டார். அவர் எனக்குத் துணையாக இருந்தார், நான் அவருக்குத் துணையாக இருந்தேனா என்று தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்தார். எந்தத் தலைவர் இப்படி எழுதினார்? அதே எழுத்தில், இனிக் குடும்பக் கவலையில்லாமல் சுற்றித் திரிந்து தொண்டு செய்யலாம் என்ற பொருளிலும் ஆறுதல் தேடிக்கொண்டார். அது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அதையும் மறைக்காமல் எழுதினாரே, அதுவே அவருடைய நேர்மை. குறை ஒன்றுதான். படிக்க வேண்டியவர் அப்போது இல்லை. முப்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையின் கணக்கு அது முடிந்த பிறகே தீர்க்கப்பட்டது.

நம் கதைக்கு வருவோம். சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி தில்லிக்கு வந்த ஆண்கள் பலர் முதலில் தனியாகத்தான் வந்தார்கள். மணியார்டர் கூப்பனில் நாலு வரி எழுதினால் அதுதான் தாம்பத்தியம். "நலம். பணம் அனுப்பியுள்ளேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்." பட்டினி கிடந்ததை எழுதவில்லை, வேலை போனதை எழுதவில்லை. அங்கிருந்தவளும் மாமியார் கொடுமையை எழுதவில்லை. பாதிப் பேருக்கு வேறு ஒருவர்தானே கடிதம் எழுதிக் கொடுத்தார்? மறைப்பது அன்பு என்று அப்போது பழகினோம். பிறகு ஒரே அறையில் குடித்தனம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இன்று அவள் நாலு கோட்டியில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதிக்கிறாள். அவள் சம்பளம் எவ்வளவு என்று இவனுக்கு அணா பைசா தெரியும். இவன் கடன் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகள் கல்யாணத்துக்கு நகையை எடுக்கப் போனபோதுதான் அது இரண்டு வருஷமாக அடகில் இருப்பது அந்தத் தாய்க்குத் தெரிந்தது. பெண்கள் மட்டும் மறைப்பதில்லையா, அரிசிப் பானைக்குள் பணம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாராயக் கடைக்குத் தப்பிய பணம் அது. அவளை ஒளிக்க வைத்தது யார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

2025 ஜூன் 1இல் ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். சிலருக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு, பலருக்கு அதுவும் இல்லை. அங்கிருந்து பழைய கோட்டிக்கு வேலைக்கு வருகிற பெண் இருட்டில் புறப்பட்டு இருட்டில் வீடு சேர்கிறாள். வந்ததும் சோறு சூடாக இல்லை என்று ஒருவன் முகத்தைத் தூக்கினால், முப்பது வருஷ உறவு என்று அதற்குப் பெயர் வைக்கலாமா? அரசாங்கத்திடம் நியாயம் கேட்டு நிற்கிற நாம், அடுப்படியில் நியாயத்தை மறந்துவிடுவதா?

1967இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக, இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னாலே போதும், திருமணம் செல்லும். நல்ல ஏற்பாடு. ஆனால் புரிகிற மொழியில் பேசியது அந்த ஒரு நாளோடு சரி என்று நடக்கிறோமே!

பழைய உறவைப் புதிதாக்குவது பட்டுச் சேலையோ சினிமாவோ அல்ல. இருபது வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்பதுதான். என் சங்கதியைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். என் வீட்டில் வாரம் இரண்டு நாள் கத்தரிக்காய்க் குழம்பு. 28 வருஷம் கழித்து ஒரு நாள், "உனக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்டேன். கத்தரிக்காய் அவளுக்கு அறவே பிடிக்காதாம்! அன்று தொடங்கிய பேச்சு குழம்போடு நிற்கவில்லை. என் பேரில் இருந்த இரண்டு கைமாற்றுக் கடனையும் அன்றிரவு சொன்னேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சீட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து முன்னால் போட்டாள். இருவரும் சேர்ந்து எட்டு மாதத்தில் அடைத்தோம்.

நம் சங்கத்தாருக்கு ஒரு யோசனை. இருபத்தைந்தாம் ஆண்டு மணவிழாக்களில் இருவரையும் மேடையேற்றி மாலை போடுகிறோம், பிறகு கணவர் மட்டும் பேசுகிறார். அடுத்த விழாவில் மைக்கை முதலில் அந்த அம்மாவிடம் கொடுங்கள். கணவர் கீழே முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். நேரம் ஆகிவிட்டது என்று யாரும் துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டாம்.