கணனிக்குப் பக்கத்தில் ஒரு கல்குலேற்றர்



கிளிநொச்சிப் பக்கம் நான் போய்வரும் மாதர் சங்கம் ஒன்றில், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கணனி ஒன்று இருக்கிறது. தூசு படாமல் பழைய சீலைத் துண்டால் மூடி, பூ வைக்காத குறையாகப் பாதுகாத்து வந்தார்கள். மாத முடிவில் மட்டும்தான் அது திறக்கப்படும். பொருளாளர் அக்கா கொப்பியில் எழுதிய கணக்கை ‘வேர்ட்’டில் அட்டவணையாகத் தட்டச்சுச் செய்வார். பக்கத்தில் ஒரு கல்குலேற்றர் இருக்கும். அதில் கூட்டி வரும் தொகையைப் பார்த்துக் கடைசி வரியில் தட்டுவார். இதற்கு ஒரு பகல் முழுதும் போய்விடும்.

சிரிக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எனது ஆய்வுக்கட்டுரையின் அட்டவணைகளை நானும் இப்படித்தான் செய்தேன். கணனி என்றால் அழகாக அச்சடிக்கும் தட்டச்சுப் பொறி என்றுதான் எங்களில் பலருக்குப் பழக்கம்.

ஒரு மாதம் கணக்கில் 1,800 ரூபா குறைந்தது. கொப்பியில் இருக்கிற தொகை பெட்டியில் இல்லை. சங்கத்தில் 38 அங்கத்தவர்கள். ஒருவரும் நேரே கேட்கவில்லை. கதை மட்டும் கிணற்றடியில் உலாவியது. 2009 இல் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளைத் தனியே ஆளாக்கியவர் அந்த அக்கா. என்னைக் கண்டதும், “பிள்ளை, எனக்கு இந்தப் பதவி வேண்டாம். என்ரை காசைப் போட்டுச் சரிக்கட்டிப்போட்டு விலகுறன்” என்றார். சொந்தக் காசைப் போட்டால் எடுத்தது உண்மை என்றே ஊர் பேசும், பொறுங்கள் என்று மறித்தேன்.

அன்றுதான் அந்தக் கணனியில் ‘எக்செல்’லைத் திறந்தோம். அது அங்கே எப்போதும் இருந்தது. எவரும் தொட்டதில்லை.

இவ்வகைக் கணக்குத் தாளின் பிறப்பே எங்கள் அக்காவின் கதை போன்றதுதான். டான் பிரிக்ளின் என்ற அமெரிக்க மாணவர் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் படிக்கும்போது, ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதைத் தொட்ட எல்லா எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்ததைக் கண்டார். ஒன்றைத் திருத்தினால் மற்றவை தாமாகத் திருந்தினால் என்ன என்று எண்ணி, பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து ‘விசிகால்க்’ என்பதைச் செய்தார். அது 1979 இல் வெளிவந்தது. எக்செல் அந்த வழியில் வந்ததுதான்.

எங்கள் வேலைக்கு முதல் தடையாக வந்தது பெயர்கள். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில், புதியது யுனிகோட்டில். கண்ணுக்கு இரண்டும் தமிழ். கணனிக்கோ பாமினி என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் மட்டுமே. ஒரே ஆளை அது இரண்டு ஆளாகப் பார்க்கும். போதாக்குறைக்கு ஒரே பெயரை நாங்களே இரண்டு விதமாக எழுதியிருந்தோம். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தோம், 1 முதல் 38 வரை. எக்செல்லில் ஒரு நிரலில் திகதி, அடுத்ததில் அங்கத்தவர் இலக்கம், அடுத்ததில் தொகை. ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரி. இவ்வளவுதான் மனிதர் செய்ய வேண்டியது. பிறகு ‘சம் இஃப்’ என்ற சூத்திரம் இருக்கிறது. எந்த நிரலில் தேடுவது, எந்த இலக்கத்தைத் தேடுவது, எந்த நிரலைக் கூட்டுவது என்று மூன்றையும் சொன்னால் ஆளுக்கு ஆள் மொத்தத்தை அதுவே தரும்.

ஆறு மாதக் கணக்கைப் பதிய இரண்டு பின்னேரங்கள் பிடித்தன. மொத்தங்களை அச்செடுத்து, எல்லோரையும் தங்கள் சேமிப்புப் புத்தகத்துடன் வரச் சொன்னோம். 23 ஆம் இலக்கத்தில் மட்டும் பொருந்தவில்லை. அவர் கட்டியது 200 ரூபா. அவருடைய புத்தகத்தில் சரியாக இருந்தது. சங்கக் கொப்பியில் 2,000 என்று ஒரு பூச்சியம் கூடிப்போயிருந்தது. வித்தியாசம் 1,800. அக்கா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

இப்போது அதே தாள் அவருடைய கைத்தொலைபேசியில், ‘கூகுள் ஷீட்ஸ்’ செயலியில் இருக்கிறது. காசு வாங்கிய இடத்திலேயே பதிகிறார். சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாம், ஆனால் சிக்னல் உள்ளபோதே அந்தத் தாளை ‘ஓஃப்லைன்’ என்று குறித்து வைக்க வேண்டும். மற்றவர்களுக்குப் ‘பார்க்க மட்டும்’ அனுமதி. அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அதில் எழுதாதீர்கள். வட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

சூத்திரம் ருசி கண்டுவிட்டால் விடாது. கச்சான் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டர் வாங்க இருந்த ஒரு சகோதரி, குழுக்கடன் கொடுப்பவர்கள் சொன்ன கணக்கைக் கொண்டுவந்தார். கடன் 60,000. வாரம் 1,500 வீதம் 52 வாரம். ஆக 78,000. வட்டி 18,000, “நூற்றுக்கு முப்பது தானே” என்று சொல்லியிருக்கிறார்கள்.

‘ரேட்’ என்று ஒரு சூத்திரம் உண்டு. அதில் தவணைகள் 52, தவணைத் தொகை 1,500 (கையை விட்டுப் போகிற காசு என்பதால் முன்னால் கழித்தல் குறி), கடன் 60,000 என்று கொடுத்தோம். வாரத்துக்கு 1.04 வீதம் என்று வந்தது. 52 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 54 வீதம்! “இயந்திரம் பிழை விடுது மிஸ்” என்றார் அந்தச் சகோதரி.

பிழை இல்லை. 26 வாரம் முடியும்போது கடனில் பாதியளவு திரும்பிப் போய்விடுகிறது. வட்டியோ கடைசி வாரம் வரை முழு 60,000 க்கும் போடப்படுகிறது. அதே 30 வீதத்தை மாதாமாதம் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் போட்டு, மாதம் 5,000 முதலாக 12 மாதத்தில் கட்டினால் வட்டி 9,750 ரூபாதான். இதையும் வரி வரியாகத் தாளில் போட்டுக் காட்டினோம். 18,000 எங்கே, 9,750 எங்கே! கடன் கொடுப்பவர் சொல்கிற வீதத்தை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். ‘மிச்சக் கடனுக்கு வட்டியா, முழுக் கடனுக்கும் வட்டியா’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அவர் அந்தக் கடனை எடுக்கவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். எடுத்தார். மழைக்கு முன் மோட்டர் வேண்டியிருந்தது. தோட்டம் காய்ந்தால் கணக்குப் பார்த்து என்ன பயன்? ஆனால் 60,000 அல்ல, 30,000. இன்னொரு 20,000 ஐச் சங்கத்தின் சுழற்சி நிதி கொடுத்தது. மிச்சத்துக்குப் பாவித்த மோட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து விலையைக் குறைத்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் 750 ரூபா கட்டிவிட்டு வந்து, தாளில் அந்த வார வரியைத் தானே பதிகிறார். போன கிழமை போனபோது பார்த்தேன், 19 ஆவது வரியில் நிற்கிறது. கல்குலேற்றர் இப்போது பொருளாளர் அக்காவின் பேரன் கையில், விளையாட்டுச் சாமானாக.